பத்துக்கு ஒன்று என்ற அளவில்

முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால் ஒரு மேட்டில் குழி போட்டிருக்கிறோம், வந்து பாருங்கள் மேடம் என்று போன மாதம் தொல்லியல் துறையில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவர்களை இப்படி அழைப்பது ஒரு மரியாதை. போனால் நாற்காலி போடுவார்கள், டீ வரும், நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதை கடைசிவரை நீடிக்கும். அவ்வளவு தெரிந்தும் போனேன். வீட்டில் இருந்தால் முழங்கால் வலியைப் பற்றி நினைப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

குழியின் ஓரத்தில் ஒரு பெண் கையில் ஏதோ கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். புது அதிகாரி, நல்ல பெண். ஒரு சுற்று வந்து, "முடிஞ்சது மேடம்" என்றாள். என் கையில் டீ ஆறக்கூட இல்லை. குழியின் படம் முழுக்கத் திரையில் வந்துவிட்டது, திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். இதே குழியை வரைய எனக்கு மூன்று நாள் ஆகியிருக்கும், அதற்கப்புறம் ஒரு வாரம் இடுப்பு நிமிராது.

"நீங்கல்லாம் கையாலயேதான் வரைஞ்சீங்களா மேடம்? சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தெரியாது என்றுதான் சொன்னேன். புதைத்தவர்கள் செத்து இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, சரியா தப்பா என்று யார் வந்து சொல்லப்போகிறார்கள். அம்பத்தூருக்கு பஸ் ஏறின பிறகுதான், ஒரே ஒரு தடவை ஒருத்தி வந்து சொன்னது நினைவுக்கு வந்தது. பேச்சில் சொன்னால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது ஐ.டி.ஐ.யில் சிவில் வரைகலை. ஹாலுக்கும் கக்கூஸுக்கும் பிளான் போடக் கற்றுக்கொண்டவளைப் பிணக்குழிக்குப் பிளான் போட உட்கார வைத்தது அரசாங்கம். வேலை நிரந்தரம் என்பதால் வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் மாமியார் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். களத்திலிருந்து நான் திரும்பும் நேரத்துக்குக் கொல்லைப்புறம் ஒரு பக்கெட் தண்ணீர் வைத்துவிடுவார். சாவுக்குப் போய் வந்தவள் மாதிரி தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். மார்கழியிலும் அதே பக்கெட்தான். "அது ரெண்டாயிரம் வருஷத்துச் சாவு அத்தை, இன்னுமா தீட்டு?" என்பேன். "எனக்கு என்ன தெரியும், சாவு சாவுதானே" என்பார். பிறகு எனக்கே அலுத்துப்போய் வாதாடுவதை விட்டுவிட்டேன். வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்குச் சளி விட்டதே இல்லை.

இந்தப் பக்கம் மேட்டு நிலம் எங்கே இருந்தாலும் பழைய இடுகாடு இருக்கும். பூந்தமல்லி, குன்றத்தூர், செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றி, எல்லா இடத்திலும்தான். பெரிய கற்களை வட்டமாக நட்டு, நடுவே தாழியிலோ கால் வைத்த மண்பெட்டியிலோ இறந்தவரின் எலும்புகளை வைத்துப் புதைத்திருப்பார்கள். இன்றைக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டு மக்கள் குடியிருக்கும் எத்தனை அடுக்குமாடிகளுக்குக் கீழே கல்வட்டம் இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். பயந்துவிடுவார்கள் என்று சொல்வதில்லை.

எனக்கு மேலதிகாரியாக நெடுங்காலம் இருந்தவர் தணிகாசலம் சார். இளவயதில் உதவித்தொகை கிடைத்து இத்தாலிக்குப் போய், அதன் தெற்குக் கரையில் கிரேக்கர்கள் கப்பலில் வந்து குடியேறிய பழைய ஊர் ஒன்றின் இடுகாட்டில் சில வருடங்கள் தோண்டியவர். அந்த ஊரின் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை என்று தெரிந்ததும் எங்களிடம் அவரும் பெயரை விட்டுவிட்டு, 'அந்தக் குடியேற்றத்துல' என்றே பேசுவார். மதியம் தயிர்சாதம் சாப்பிடும்போது அந்தக் குடியேற்றம் கட்டாயம் வந்துவிடும். சொந்த ஊரில் நிலம் போதாமல் கப்பலேறியவர்கள் அவர்கள். "வந்த எடத்துல வீடு கட்டிட்டா மட்டும் அது சொந்த ஊர் ஆயிடாதும்மா. அங்க ஒருத்தரைப் புதைக்கணும். அப்புறம்தான் சொந்த ஊர்" என்பார்.

பெரியவர்களை அங்கே கூரை ஓடுகளைச் சாய்த்து மூடிப் புதைத்தார்கள், சிலரை எரித்தார்கள். கைக்குழந்தைகளை மட்டும் பெரும்பாலும் எரிக்கவில்லையாம். எண்ணெயும் திராட்சை மதுவும் கப்பலில் வந்திறங்கிய ஜாடியின் ஒரு பக்கத்தை வெட்டி, பிள்ளையை உள்ளே கிடத்தி, வெட்டின துண்டையே மூடியாக வைத்துப் புதைப்பார்களாம். "நம்ம ஊர்லயும் பால் குடிக்கிற பிள்ளையை எரிக்க மாட்டாங்களே சார்" என்று ஒருமுறை சொன்னேன். தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு, "அதான்மா. அதேதான்" என்று என்னைப் பார்த்தார். இங்கே அப்படி ஒரு பிள்ளைக் குழி தெளிவாகக் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

இன்னொரு கதை ஊக்குக் கதை. அந்த இடுகாட்டில் பெண்களின் தோளெலும்பு அருகே வெண்கல ஊக்குகளும் இரும்பு ஊக்குகளும் கிடக்கும். துணியைக் குத்தி நிறுத்துவதற்கு, நாம் புடவைக்குக் குத்துகிற ஊக்கின் பெரிய அக்கா. கப்பலில் வந்த ஆண்கள் பெண்களையும் கூட்டி வந்தார்களா, வந்த இடத்தில் கட்டிக்கொண்டார்களா என்று படித்தவர்களுக்குள் பெரிய சண்டை. ஊக்கு உள்ளூர் மோஸ்தர், ஆகவே குழியில் இருப்பவள் உள்ளூர்க்காரி என்று ஒரு கட்சி. கடையில் விற்றதை யார் வேண்டுமானாலும் வாங்கியிருப்பாள் என்று இன்னொரு கட்சி. சார் இரண்டாவது கட்சி. "ஒரு ஊக்கை வச்சு ஒருத்தியோட ஊரைச் சொல்லிடக் கூடாது" என்பார்.

குழியில் அவர் நடந்துகொள்ளும் விதம் தனி. செருப்பைக் குழிக்கு வெளியே விட்டுவிடுவார், நாங்களும் விட வேண்டும். இறந்தவரின் தலைமாட்டில் யாரும் நிற்கக் கூடாது. எலும்பு தெரிய ஆரம்பித்ததும் கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும், அப்புறம் மூங்கில் குச்சியும் பிரஷும்தான். பிறகு என் வேலை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச்சட்டம், அதில் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டியிருக்கும். அதைக் குழியின் மேல் மட்டம் பார்த்து வைத்து, மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் என்ன விழுகிறதோ அதை வரைபடத்தாளில் பத்துக்கு ஒன்று என்ற அளவில் இறக்க வேண்டும். வரைந்து முடித்ததும் சார் தாளை வாங்கிக்கொண்டு குழியில் இறங்கி, ஒவ்வொரு எலும்பாகச் சரிபார்ப்பார். எல்லாம் முடிந்து, எடுப்பதற்கு முன் எல்லோரையும் கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்க்கச் சொல்வார். "நல்லா பாத்துக்கோங்க. எடுத்துட்டா திரும்ப வைக்க முடியாது." சாமி கும்பிடாத மனிதர், அதுதான் அவருடைய பூசை.

இனி அந்த ஏரிக்கரை விவகாரம். செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டி ஒரு மேட்டு நிலம், கிடங்கு கட்ட ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. கட்டுவதற்கு முன் தோண்டிப் பார்க்க எங்களுக்கு ஒரு பருவம் கொடுத்தார்கள். இதுவரை யாரும் காணாதது ஏதாவது கிடைத்தால் நிலத்தை நிறுத்திவைக்கலாம். கிடைக்காவிட்டால் பருவம் முடிந்ததும் புல்டோசர் வரும். சாருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது, அதுவே அவருடைய கடைசிக் களம்.

மண் சுமக்க வந்தவர்களில் தேசம்மா என்று ஒரு பெண். ஐம்பதை ஒட்டிய வயது. அவள் புகுந்த வீடு பக்கத்துக் காலனியில். மாமனார் காலத்திலிருந்து அந்த நிலத்தில்தான் அந்தக் குடும்பம் கூலிக்கு ஏர் ஓட்டியது, நாற்று நட்டது. நிலம் கைமாறிய பிறகு கிடைத்த வேலைக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தாள். அதிகம் பேச மாட்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது தெற்கு ஓரத்தில் இருந்த ஒரு கல்வட்டத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவாள். பாம்புக்குப் பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த வட்டத்தில்தான் ஜாடி கிடைத்தது. ஒரு கல்லின் அடியில், படுத்த வாக்கில், வாய் உடைந்த பழைய சிவப்பு ஜாடி. ஜாடியின் மேல்பக்கம் நொறுங்கி உள்ளே விழுந்திருந்தது. துண்டுகளை எடுத்தால் உள்ளே ஒரு கைக்குழந்தை.

"ரொம்ப மேலயே இருக்கே சார்" என்றார் எங்கள் புகைப்படக்காரர் பாஸ்கர். உழுது உழுது மேல்மண் போயிருக்கும் என்றார் சார். மண் இளகியிருக்கிறதே என்றேன் நான். எலி வளை என்றார். எதையும் மூன்று தடவை சந்தேகப்படுகிற மனிதர், அன்றைக்கு ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. நாங்களும் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு யாருக்குத் திறக்க மனம் வரும்.

வரைய உட்கார்ந்தேன். வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தது. முழங்கால் கொஞ்சம் மடங்கியிருந்தது, வலது கையின் சின்ன எலும்புகள் கன்னத்துக்கு அடியில் இருந்தன. குழந்தை எலும்பை வரைவது கஷ்டம். பென்சில் கோட்டின் தடிமனே சில எலும்புகளின் தடிமனாக இருக்கும். இடுப்பருகே துருப்பிடித்து வளைந்த ஒரு சின்னப் பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. சார் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"கோமதி, இது ஊக்கும்மா" என்றார். "அங்க நான் எத்தனை பார்த்திருக்கேன். இந்த மண்ணுல இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை."

அன்றே தலைமை அலுவலகத்துக்குத் தகவல் போனது. ஆய்வகத்தின் பதில் வரும்வரை நிலத்தைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று பதில் வந்தது. கம்பெனி ஆள் முதலில் கும்பிட்டபடி வந்தார், பிறகு கும்பிடாமல் வந்தார். சார் பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். கிடைத்ததைக் கூலியாட்களிடமும் சொல்வது அவர் வழக்கம். எல்லோரையும் உட்கார வைத்து, இது ரெண்டாயிரம் வருஷத்துக் கொழந்தை, இனிமே இங்க யாரும் கட்டடம் கட்ட முடியாது என்றார். சில நாள் கழித்து, அடுத்த வாரம் இதை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம், ஒரு எலும்பைப் பொடி பண்ணி வயசு கண்டுபிடிப்பாங்க என்றும் சொன்னார்.

மறுநாள் காலையில் நான் அடிபம்பில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். தேசம்மா வந்து பம்பு அடித்துக் கொடுத்தாள். தண்ணீர் போதும் என்ற பிறகும் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"மேடம், அத்த பொடி பண்ண வாணாம்னு சாரு கைல சொல்லு மேடம்."

"எதை?"

"அந்தக் கொயந்தைய. அது எம் பொண்ணு."

என் காலில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அழவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

"நான் கண்ணாலமாயி வந்த புதுசுல ஏரி ரொம்பி தண்ணிய தொறந்து வுட்டாங்கோ. சுடுகாடு ஃபுல்லா தண்ணி. ஜொரத்துல பூட்ச்சு, எட்டு மாசம் புள்ள. ஊட்ல வெச்சிக்கினு எவ்ளோ நேரம் குந்திக்கினு கீறது? எங்க மாமனாருதான் மேட்டுக்கு எத்துக்கினு வந்தாரு. ஏர் ஓட்டசொல்ல மண்ணுலேர்ந்து வந்த பான ஒண்ணு வரப்புல கெடந்துச்சு. நரி தோண்டிடப் போவுதுன்னு அதுல வெச்சு கல்லாண்ட பொதச்சாரு. அரணாக்கயித்துல நான் ஒரு ஊக்கு மாட்டி வெச்சிருந்தேன், காத்து கருப்பு அண்டக் கூடாதுன்னு. அத்த கயட்டவே இல்ல."

"இத்தனை நாள் ஏம்மா சொல்லல?"

"சொன்னா எடத்த கம்பெனிக்காரன் எட்த்துக்குவான்ல. இது இருந்தா கட்ட முடியாதுன்னு சாரு சொன்னாரே. சரி, அது பாட்டுக்கு அங்கியே கெடக்கட்டும்னு இருந்தேன். பொடி பண்ணுவாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்."

கூடாரத்துக்குப் போய் சாரிடம் சொன்னேன். வேலை வாழ்க்கையில் எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை இருந்ததில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேசம்மாவை வரச்சொல்லி நாற்காலி போட்டார். அவள் தரையில் உட்கார்ந்ததும் அவரும் தரையில் உட்கார்ந்தார். என் படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "பிள்ளையை எந்தப் பக்கமா படுக்க வச்சாங்கம்மா?" என்று கேட்டார்.

"சோத்தாங்கைப் பக்கம். கைய கன்னத்துக்குக் கீய வெச்சு வுட்டேன். அப்டி வெச்சாதான் அது தூங்கும்."

சார் படத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

தேசம்மா போன பிறகு பாஸ்கர் மெதுவாக ஆரம்பித்தார். "சார், லேப்ல இருந்து பதில் வர எப்படியும் பல மாசம் ஆகும். அதுக்குள்ள மத்த வட்டத்தையெல்லாம் தோண்டிடலாம். இப்ப சொல்லிட்டா நாளைக்கே புல்டோசர் வந்துரும்." அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோண்டாத வட்டங்கள் நிறைய இருந்தன. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"அதுவரைக்கும் அந்தப் பிள்ளை எங்க இருக்கும் பாஸ்கர்? ஒரு அட்டைப்பெட்டியில, நம்பர் போட்டு" என்றார் சார். பிறகு என்னிடம், "ஒரு ஊக்கை வச்சு ஊரைச் சொல்லக் கூடாதுன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன்?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே அறிக்கை எழுதினார். ஜாடி பழையது, உள்ளே இருப்பது பழையது அல்ல, காலத்தைக் கணித்ததில் பிழை தன்னுடையது என்று மூன்றே வரி. முறைப்படி கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் போனது. காலனிப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, ஆமாம், எங்களுக்கும் தெரியும், அந்த மழை எங்களுக்கும் ஞாபகம் இருக்கு என்றார்கள். தெரிந்தும் இத்தனை நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்று அவர்களும்தான் நினைத்திருக்கிறார்கள்.

காலனிச் சுடுகாட்டில் தேசம்மாவின் புருஷனைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்தில் சின்னக் குழி வெட்டினார்கள். பழைய ஜாடி அரசாங்கச் சொத்து, அதைத் தர முடியாது. சார் தானே குமணன்சாவடிக்குப் போய், அகன்ற வாய் உள்ள புதுப் பானையாகப் பார்த்து வாங்கிவந்தார்.

எடுத்தால் திரும்ப வைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர், அன்று திரும்ப வைக்க உட்கார்ந்தார். நான் படத்தைப் பார்த்துச் சொன்னேன், அவர் வைத்தார். தலை, விலா, முதுகு, கால், எல்லாவற்றையும் வரைந்த வரிசையில். கைக்கு வந்தபோது தேசம்மா, "நான் வெக்கிறேன் சார்" என்றாள். கன்னத்துக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தாள். துரு உதிர்ந்த அந்த ஊக்கையும் இடுப்பருகே வைத்தாள். நான் படத்தைப் பார்த்து எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மண் தள்ளி முடிந்ததும் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "இது இன்னா மேடம்?"

"உன் பொண்ணு படுத்திருந்ததை நான் வரைஞ்சது."

வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இப்டித்தான் மேடம் தூங்கும். அப்டியே கீது." பிறகு, "ஒரு போட்டோகூட எட்த்து வெக்கல. எட்டு மாசந்தானே" என்றாள்.

நான் சாரைப் பார்த்தேன். களத்தில் வரைந்த ஒரு தாளைக்கூட வெளியே கொடுக்கக் கூடாது என்பது விதி, அந்த விதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். "அது நம்ம குழி இல்லையே கோமதி. நம்மகிட்ட அந்தப் படத்துக்கு என்ன வேலை?" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனபோது பக்கெட்டில் தண்ணீர் இருந்தது. முணுமுணுக்காமல் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறாய் என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்கிறவரை அழுதேன்.

நிலம் கம்பெனிக்குப் போனது. சார் ஓய்வு பெற்ற நாளில் ஒரு சால்வை போர்த்தினார்கள், அந்த ஏரிக்கரையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவரும் இப்போது இல்லை. பிள்ளைக் குழி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

சில வருடம் கழித்து குமணன்சாவடி பஸ் ஸ்டாப்பில் தேசம்மா என்னைக் கண்டுகொண்டாள். அந்தக் கிடங்கிலேயே பெருக்குகிற வேலை கிடைத்திருக்கிறது என்றாள். வீடு பக்கம்தான், வா மேடம் என்று விடாமல் இழுத்துக்கொண்டு போனாள். ஒற்றை அறை. சாமி படங்களுக்குப் பக்கத்தில் என் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். மூலையில் வடக்கு காட்டும் அம்பும் பத்துக்கு ஒன்று என்ற அளவும் என் கையெழுத்தில் அப்படியே இருந்தன. மேலே மல்லிகைச் சரம்.

"பிரேம் போட குட்த்தப்போ, இன்னா படம்மா இதுன்னு கடைக்காரன் கேட்டான் மேடம்" என்றாள் டீ ஆற்றிக்கொண்டே. "எம் பொண்ணு போட்டோன்னு சொன்னேன்."

நெற்றி வரைந்திருந்த இடத்தில், கண்ணாடியின் மேல் குங்குமம் வைத்திருந்தாள். தேடாமல் சரியாக அந்த இடத்தில் வைத்திருந்தாள்.